தெறந்து பாத்தியா?

“போர்டு போயிடுச்சு சார். செத்துப்போச்சுன்னே வெச்சுக்கோங்க.”

சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் இந்த முடிவுக்கு வர நான்கு நிமிடம் எடுத்திருப்பான். பவர் பட்டனை இரண்டு தடவை அமுக்கினான். சார்ஜரைச் செருகிப் பார்த்தான். உள்ளே கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தான். இந்த மாடலுக்குப் பாகங்கள் வருவது நின்று பல வருஷமாகிவிட்டது, பழசைக் கொடுத்தால் 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு புதுசு தருவோம், 48,000-லிருந்து ஆரம்பம் என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் சொல்ல முடியும். அவனுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு விலைப்பட்டியலும்.

அது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2010-இல், அப்பா சொசைட்டி கடன் போட்டு வாங்கிக்கொடுத்த லேப்டாப். முதல் தலைமுறை ஐ3. எனக்கு வேலை கிடைத்து வேறு வாங்கிய பிறகு அது திருச்சி வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பா அதில் பென்ஷன் விஷயங்களைப் பார்ப்பார், பழைய பாட்டு கேட்பார். ஒருநாள் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. இந்த வருஷம் கல்லூரியில் சேரும் அக்கா மகளுக்கு அதைச் சரிசெய்து கொடுக்கலாம் என்றுதான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கடை வாசலிலிருந்தே அப்பாவுக்கு போன் செய்தேன். “செத்துப்போச்சாம்ப்பா. புதுசே வாங்கிடலாம்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: “தெறந்து பாத்தியாடா?”

அப்பா அரசுப் பேருந்து டெப்போவில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் செத்துப்போச்சு என்று எழுதி நோட்டில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுதானாம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திறந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் எழுதப்படுவது.

*

“ஆன் ஆகவில்லை” என்பதை நாம் ஒரே வியாதி மாதிரி பேசுகிறோம். ஜுரம் என்பது எப்படி ஒரே வியாதி இல்லையோ, இதுவும் அப்படித்தான். பட்டனை அமுக்குவதற்கும் திரையில் எழுத்து வருவதற்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது. அடாப்டரிலிருந்து 19 வோல்ட் உள்ளே வருகிறது. அதிலிருந்து முதலில் 3.3, 5 வோல்ட் மின்சாரம் பிரிகிறது. போர்டில் ஒரு சின்ன கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு பவர் பட்டனுக்காகக் காத்திருக்கிறது. பட்டனை அமுக்கியதும் அது ரேமுக்கு, சிப்செட்டுக்கு, கடைசியாகப் பிராசஸருக்கு என்று ஒவ்வொரு மின்தடமாகத் திறந்துவிடுகிறது. எல்லாம் சரி என்று சைகை வந்த பிறகுதான் பிராசஸர் கண் திறந்து, எட்டுக் கால் கொண்ட ஒரு சிப்பிலிருந்து பயாஸின் முதல் கட்டளையைப் படிக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே காட்சிதான்: கறுப்புத் திரை.

ஆகவே எந்தக் கண்ணி என்று தேட வேண்டும். அதில் பாதித் தேடலுக்குப் பெரிய படிப்பே தேவையில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்; குழம்பிப்போன கன்ட்ரோலர் இதற்கே சில சமயம் எழுந்துவிடும். விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால், ஒரு டிவியையோ மானிட்டரையோ இணைத்துப் பார்த்தால் கோளாறு திரையிலா போர்டிலா என்பது தெரிந்துவிடும். ரேமை வெளியே எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம். காசு மாதிரி வட்டமாக, 3 வோல்ட்டில் ஒரு சிஆர் 2032 பேட்டரி உள்ளே இருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி மறந்துபோவதோடு, சில மாடல்கள் கிளம்பவே அடம்பிடிக்கும். கடைசியாக, விளக்கு உள்ள அடாப்டர் என்றால், லேப்டாப்பில் செருகியதும் அந்த விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணைந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை எடுத்துக்கொள்கிறது. (பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.)

ஐந்து சோதனைக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். அன்று இரவு முதல் நான்கையும் செய்தேன், பலனில்லை. ஐந்தாவதைச் செய்தபோது அடாப்டரின் பச்சை விளக்கு பொசுக்கென்று அணைந்தது. சர்வீஸ் சென்டரிலும் இதே விளக்கு இதே மாதிரிதான் அணைந்திருக்கும். அதை அங்கே யாரும் பார்க்கவில்லை. பார்த்துப் பயனும் இல்லை. ஒரு பாகத்தை மாற்றும் வேலை அவர்கள் பட்டியலிலேயே கிடையாது. முழு போர்டு உண்டு, முழு லேப்டாப் உண்டு, அவ்வளவுதான்.

*

அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கேபிள் கடைகளையும் சிசிடிவி கடைகளையும் தாண்டி, ஒரு மாடிப்படியின் கீழே ஆறுக்கு நாலு அடியில் ஒரு கடை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அந்த மெக்கானிக். விளக்கு அணைவதைச் சொன்னதும், “அப்ப மெயின் லைன்ல ஷார்ட்டு தம்பி. உக்காருங்க” என்றார்.

பிறகு நடந்ததை எந்தப் பொறியியல் கல்லூரி வகுப்பிலும் நான் பார்த்ததில்லை. போர்டைக் கழற்றி மேசையில் வைத்தார். சால்டரிங் அயர்னின் நுனியை ரோசின் கட்டியில் தொட்டார். புகை கிளம்பியது. அந்தப் புகையில் போர்டைக் காட்டினார், குழந்தையைக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுவது போல. போர்டு முழுக்க வெள்ளையாக ஒரு படலம் படிந்தது. பிறகு ஒரு பவர் சப்ளையிலிருந்து, 19 கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட் மட்டும் கொடுத்தார். ஷார்ட் ஆன பாகம் மட்டும் சூடாகும். இரண்டு மூன்று விநாடியில் ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைப் படலம் உருகிக் கண்ணாடி மாதிரி ஆனது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஒரு செராமிக் கெபாசிட்டர்.

அதைப் பிடுங்கினார். ஒரு பழைய போர்டிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். அடாப்டரைச் செருகினார். பச்சை விளக்கு நின்று எரிந்தது. பட்டனை அமுக்கினார். பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஹாஸ்டல் அறையில் கேட்ட அதே விசிறிச் சத்தம்.

“எவ்ளோண்ணே?”

“தொள்ளாயிரம் குடுங்க. விசிறிக்கு கிளீனிங்கும் பேஸ்டும் சேத்து.”

48,000-க்கும் 900-க்கும் இடையில் இருந்தது எள்ளளவு ஒரு பாகம். அது எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்த ஒரு மனிதர். அந்த மனிதரை நாம் “லோக்கல் கடை” என்கிறோம். தேடாதவர்களை “ஆத்தரைஸ்டு” என்கிறோம்.

*

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு மானிட்டரில் என் போர்டின் சர்க்யூட் வரைபடம் திறந்திருந்தது. எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அது எங்கிருந்தோ கசிந்து, கைமாறி வந்த கோப்பு. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் வரைபடம், அதைச் சரிசெய்பவர் கையில் திருட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியின் கையேட்டில் முழு சர்க்யூட் வரைபடமும் அச்சிடப்பட்டிருந்தது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் தொழில்நுட்பக் கையேட்டில் வரைபடமும் இருந்தது, பயாஸின் மூலநிரலும் வரிவரியாக இருந்தது. பழைய வால்வு ரேடியோ பலவற்றின் உள்ளேயே வரைபடத் தாள் இருக்கும். விற்றவர்களுக்கு அதனால் வியாபாரம் படுத்துவிடவில்லை. வாங்கியவன் திறப்பான், திறக்கட்டும் என்ற எண்ணம் இருந்தது.

அந்த எண்ணம் படிப்படியாகக் கழற்றி எடுக்கப்பட்டது. 2012-இல் வந்த ரெடினா மேக்புக் புரோவில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது, பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. மெல்லிய லேப்டாப் என்றாலே அப்படித்தான் என்று மற்றவர்களும் பின்னால் போனார்கள். இன்று கடையில் வாங்கும் பல லேப்டாப்புகளில் ரேமைக் கழற்ற முடியாது. என் 2010 மாடலில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் ரேமை 8 ஜிபி ஆக்கினேன்.

மெலிதாக வேண்டும், மின்சாரம் குறைவாகச் செலவாக வேண்டும் என்றால் பற்றவைக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருந்தது. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் ரேம் வகைகளுக்கு பிராசஸர் பக்கத்திலேயே, சாக்கெட் இல்லாமல் இருப்பது வசதிதான். ஆனால் 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய ரேமுக்கான காம்2 தரத்தை வெளியிட்டுவிட்டது. அதில் அந்த வகை ரேமுக்கும் வழி இருக்கிறது. இனிமேலும் பற்றவைப்பவர்கள் இயற்பியலைக் காரணம் காட்டக் கூடாது. வாங்கும்போதே 16 ஜிபிக்குக் காசு பறிக்க முடிகிறது என்ற காரணத்தைச் சொல்லட்டும்.

பிற நாடுகளில் அரசுகள் இதில் கை வைக்கத் தொடங்கிவிட்டன. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கிறவர், அதை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்ணை விலைச்சீட்டின் பக்கத்திலேயே போட்டாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, 100 டாலருக்கு மேல் விலையுள்ள மின்னணுப் பொருளுக்கு ஏழு வருஷம் பாகங்களும் கருவிகளும் கையேடுகளும் தர வேண்டும், வெளிக்கடைக்காரருக்கும் சேர்த்து. ஓரிகன் மாநிலம் 2024-இல் ஒரு படி மேலே போனது. அசல் பாகத்தையே மாற்றிப் போட்டாலும் “இது இந்த மெஷினின் பாகமில்லை” என்று மென்பொருளால் முடக்கும் தந்திரத்தைத் தடுத்தது.

இந்தியாவில் 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ‘ரைட் டு ரிப்பேர்’ என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் தளம் வேறு, சட்டம் வேறு. வரைபடத்தைத் தந்தாக வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் இங்கே இல்லை. உலகத்திலேயே அதிகம் பழுதுபார்க்கத் தெரிந்த தெருக்கள் இருக்கும் நாடு இது. ரிச்சி ஸ்ட்ரீட், டெல்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்பி ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு. இந்தத் தெருக்களைத் தொழிற்கூடம் என்று மதிக்க வேண்டிய அரசு, பார்த்தும் பாராமல் இருக்கிறது.

*

நிறுவனங்களைத் திட்டுவது சுலபம். இதுவரை படித்துத் தலையாட்டிய என் சக மென்பொருள்காரர்களுக்கு அடுத்த பகுதி பிடிக்காது.

லேப்டாப் எழுந்துவிட்டது. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். முப்பது விநாடிக்குள் திரை வந்தது. எழுத, கணக்குப் போட, பைத்தான் பழக, பாடப்புத்தக பிடிஎஃப் பார்க்க எல்லாம் சுகமாக ஓடியது. ஒரு ஆர்வத்தில், எங்கள் கம்பெனி வாடிக்கையாளர்களுக்காகச் செய்த ஒரு பக்கத்தைத் திறந்தேன். விசிறி கத்த ஆரம்பித்தது. பதினோரு விநாடி கழித்து வந்தது, பத்து வரிசை கொண்ட ஓர் அட்டவணை. அந்தப் பக்கத்தில் பாதியை எழுதியவன் நான்.

பத்து வரிசையைக் காட்ட எதற்கு அவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட்? எனக்குத் தெரியும். ஒரு நூலகம் வேண்டியிருந்தது, அது இன்னும் நாற்பது நூலகங்களை இழுத்துக்கொண்டு வந்தது, கெடு நெருங்கியது, என் மேசையில் இருந்த 32 ஜிபி மெஷினில் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது, அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் இழுப்பதைப் பார்த்து எங்கோ ஒருவர் “நம்ம கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு” என்று நினைத்திருப்பார். அவர் கம்ப்யூட்டர் நேற்று ஓடிய வேகத்தில்தான் இன்றும் ஓடியிருக்கும். மாறியது என் நிரல்.

கெபாசிட்டர் கருகினால் அதை விபத்து என்று சொல்லலாம். நாங்கள் செய்வதில் விபத்து எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2021-இல் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் வேண்டும் என்றது. அதாவது 2017-இன் முதல் பாதியில் வாங்கிய நல்ல மெஷின்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. எத்தனையோ மெஷின்கள் ஒரு ஸ்க்ரூகூடத் தளராமல் ஒரே நாளில் பழசாயின.

“பாதுகாப்புக்காகத்தானே?” என்பார்கள். பாதுகாப்பு முக்கியம், அதை நான் கேலி செய்யவில்லை. அப்டேட் வராத மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் அதே 2010 மெஷினுக்கு லினக்ஸ்காரர்கள் இன்றும் வாராவாரம் பாதுகாப்பு அப்டேட் அனுப்புகிறார்கள். பழைய மெஷினைப் பாதுகாக்க முடியாது என்பது உண்மையில்லை. அதைச் செய்தால் வரவு இல்லை என்பதுதான் உண்மை.

“பழசு கரண்ட் தின்னும், புதுசுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது” என்றும் ஒரு வாதம் உண்டு. வருஷம் முழுக்க இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு அது பொருந்தலாம். ஒரு மாணவி நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டும் லேப்டாப்புக்குப் பொருந்தாது. லேப்டாப் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, அதைச் செய்து முடித்துப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. ஐநா அமைப்புகளின் அறிக்கைப்படி 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதியில் கணிசமான பங்கு எங்கோ ஒரு குடியிருப்பின் ஓரத்தில், வெறுங்கையோடு ஒருவர் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகைக்குத்தான் போகிறது.

*

இன்னும் ஒரு குற்றவாளி பாக்கி. எங்கள் படிப்பு.

முதலாண்டில் பிராக்டிஸ் லேப் என்று ஒன்று இருந்தது. மரம் இழைத்தோம், பைப்புக்கு மரை போட்டோம், ஒரே ஒரு மதியம் சால்டரிங் செய்தோம். பிறகு 8085 கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டினோம். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றை எங்கள் முன்னால் வைத்து “ஏன் ஓடல, கண்டுபிடிங்க” என்று யாரும் சொல்லவில்லை. லேப் கம்ப்யூட்டரின் மூடியைத் தொட்டால் ஃபைன். ஆயுத பூஜைக்கு மட்டும் தொடலாம், சந்தனமும் குங்குமமும் வைக்க.

இதற்குப் பின்னால் நம் ஊர்ப் பழைய நோய் ஒன்று இருக்கிறது. கையால் செய்கிறவன் கீழே, காகிதத்தில் செய்கிறவன் மேலே. அப்பா என்னைப் பொறியியல் படிக்க வைத்ததே என் கையில் கிரீஸ் ஒட்டக் கூடாது என்றுதான். ஒட்டவே இல்லை. ரோசின் புகையில் ஷார்ட்டைத் தேடத் தெரிந்த மனிதரின் அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. தேடத் தெரியாத எனக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி.

எல்லாவற்றையும் பிழைக்க வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கிராஃபிக்ஸ் சிப் போன போர்டைச் சூடாக்கி எழுப்பினால் சில வாரத்தில் மறுபடி படுத்துவிடுவதுண்டு. தண்ணீர் புகுந்து தடங்கள் அரித்துப்போன போர்டைப் பார்த்து அதே மெக்கானிக் கையை விரித்ததையும் அன்று பார்த்தேன். ஆனால் அவர் திறந்து பார்த்துவிட்டு விரித்தார். அந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியவை மூன்று. ஒரு மாடலுக்குப் பாகம் தருவதை நிறுத்தும் நாளில் அதன் வரைபடத்தை நிறுவனம் பொதுவில் வைக்க வேண்டும், அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். மென்பொருள் எழுதும் ஒவ்வொரு குழுவின் மேசையிலும் பத்து வருஷப் பழைய மெஷின் ஒன்று இருக்க வேண்டும், அதில் ஓடாதது வெளியே போகக் கூடாது. பொறியியல் கல்லூரி லேப் ஒவ்வொன்றிலும் ஓடாத மெஷின்கள் ஒரு மேசை நிறைய இருக்க வேண்டும், அதற்குப் பாடம் எடுக்க ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஆள் வர வேண்டும், அவருக்குப் பேராசிரியருக்கான சம்பளம் தர வேண்டும். இரண்டாவதை மட்டும் என்னால் தொடங்க முடியும். தொடங்கிவிட்டேன். அந்த அட்டவணைப் பக்கம் இப்போது இரண்டு விநாடியில் திறக்கிறது. குழுவில் இருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன மாதம் திருச்சிக்குப் போய் லேப்டாப்பை அக்கா மகளிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். கனமாக இருக்கிறது என்றாள். பக்கத்தில் இருந்த அப்பா அடிப்பக்க ஸ்க்ரூக்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தார். இரவு சாப்பாடு முடிந்ததும் அவள் வந்து நின்றாள்.

“மாமா, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? அந்த கெபாசிட்டர் எங்க இருக்குன்னு பாக்கணும்.”

அப்பா எழுந்து பரண் பக்கம் போனார்.